கீழ்த்தட்டு ஒயின்

பாரிசில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை துப்புவது. ஒரு பழைய தயிர் வாளிக்கு முன்னால் குனிந்து, சட்டையில் படாமல், சத்தம் வராமல், ஒரே கோடாகத் துப்ப வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் இது சுலபமில்லை. முதல் வாய் என் கழுத்துப்பட்டையிலேயே வழிந்தது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த வசந்தி காகிதத் துவாலையை நீட்டி, "பரவாயில்லை அண்ணை, எனக்கும் முதல் ஒரு மாசம் இப்பிடித்தான்" என்றார். சுவருக்குச் சுவர் 'இங்கே துப்பாதீர்' என்று எழுதி வைத்திருக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு வேண்டியதுதான்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் எழுதுவது என் பிழைப்பு. மசாலா, ஊறுகாய், அப்பளம், ஊதுவத்தி எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். 'பாரம்பரிய மணமும் சுவையும்' என்று எத்தனை முறை எழுதியிருப்பேனோ, இப்போது அந்த வார்த்தைகளைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது. இந்த முறை ஓர் அப்பளக் கம்பெனி முதலாளி, பாரிசில் நடந்த உணவுக் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று நாள் ஒரு தடுப்புக்குள் நின்றபடி, வருகிறவர்களிடமெல்லாம் அப்பளத்தை நொறுக்கிக் காட்டியதில் கணுக்கால் வீங்கிவிட்டது. அவர் புதன்கிழமையே கிளம்பிவிட்டார். எனக்குத் திங்கட்கிழமைதான் விமானம். நடுவிலிருந்த நாட்களுக்கு, லூயி பிளாங் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தன் வாடிக்கையாளர் யோகனிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார், அப்பளத்தோடு தரும் இலவச இணைப்பைப் போல.

என்னைக் கேட்டு வாங்கியது யோகன் இல்லை, அவர் மனைவி வசந்தி என்பது பிறகுதான் தெரிந்தது.

"உங்கடை அப்பளப் பைக்கற்றிலை 'எண்ணெய் காயும்வரை பொறுமை வேண்டும், காய்ந்தபின் பொறுமை வேண்டாம்' எண்டு எழுதியிருந்தது. அதை எழுதின ஆளைத்தான் நான் கேட்டனான்" என்றார்.

முப்பது வருடத்தில் ஒரு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்த ஒரு மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தேன். அந்த மயக்கத்தில், என்ன வேலை என்று கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டேன். தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயின்கள் நான்கு. அவற்றை ருசி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி தமிழில் எழுத வேண்டும்.

வசந்தி பதினான்கு வருடமாக நகரத்தின் இன்னொரு பக்கத்தில், ஒரு பிரெஞ்சுக்காரரின் ஒயின் கடையில் வேலை செய்கிறார். தரை துடைக்கப் போனவர். பிறகு பாட்டில் துடைத்தார். பிறகு அடுக்கினார். அந்தக் கடையில் கண்ணுக்கு நேரான தட்டுகளில் எல்லாம் பிரெஞ்சு ஒயின்கள். முழங்கால் உயரத்தில், கடைசித் தட்டில், 'மற்ற நாடுகள்'. குனிந்து எடுக்க மற்றவர்களுக்குச் சோம்பலாக இருந்ததால் அந்தத் தட்டு இவர் பொறுப்பாகிவிட்டது. அங்கேதான் இந்தத் தென்னாப்பிரிக்காக்காரர்கள் இருந்தார்கள். விலை குறைவு, தக்கை கிடையாது, சோடா பாட்டில் மாதிரி திருகு மூடி. முதலாளி இவருக்கு ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே இவற்றை வைத்துத்தான். நல்ல ஒயினை வீணாக்க வேண்டாமே என்று.

வசந்தி கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவர். பதினான்கு வருடத்தில் ஒரு வாய்கூட விழுங்கியதில்லை. எல்லாவற்றையும் வாயில் வைத்து, சுழற்றி, மூக்கால் மூச்சு விட்டு, துப்பிவிடுவார். "வேலை வேறை, குடி வேறை அண்ணை."

இந்த மாதக் கடைசியில் அந்த முதலாளி கடையை மூடுகிறார். வயதாகிவிட்டது. அதன்பிறகு வசந்திக்கு இரண்டு வழிதான் இருந்தது. மறுபடி எங்காவது அலுவலகம் துடைக்கப் போவது. இல்லையென்றால், யோகனின் கடை வாசலில் நிற்கும் கண்ணாடி பிரிட்ஜில் கண்ணுக்கு நேராக ஒரு தட்டை வாங்கித் தன் ஒயின்களை அடுக்குவது. அந்தத் தட்டுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

யோகன் நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு முறை யோசித்து மூன்றாவது முறை வேண்டாம் என்பவர். "பியர் விக்கலாம், விஸ்கி விக்கலாம். வைன் எங்கடை கறிக்குச் சரிவராது. அதோடை, மனிசியை ஊத்த விட்டிட்டான் எண்டு சனம் கதைக்கும்." மனைவி விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறு வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுச் சாப்பாட்டோடு ஊற்றிக் கொடுக்கட்டும். "ஓராளாவது ரெண்டாவது கிளாஸ் கேக்கட்டும். பிறகு கதைப்பம்."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடையின் கீழறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வேலை தொடங்கியது. பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். மேலே தாளிதம் தொடங்கிவிட்டால் மூக்கு அதற்குப் பிறகு வேறெதற்கும் வேலை செய்யாது.

முதல் பாட்டில் ஷெனன். திராட்சையின் பெயர்தான் ஒயினுக்கும், நான்குக்கும் அப்படித்தான். எனக்குப் புளித்த தண்ணீராகத்தான் பட்டது. அப்படியே சொன்னேன். வசந்தி கோபித்துக்கொள்ளவில்லை. "கண்ணை மூடுங்கோ. கொய்யாப்பழம் நினையுங்கோ. பழுத்தது இல்லை, செங்காய்." நினைத்தேன். இருந்தது. கடித்தால் நறுக்கென்று உடையும் பருவத்துக் கொய்யா. அது போனபின் பச்சை ஆப்பிள், எல்லாம் முடிந்து துப்பியபின் தேன் குப்பியைக் கழுவிய தண்ணீர் அளவுக்கு ஓர் இனிப்பு. இத்தனையும் அதற்குள் இருந்ததா, அவர் சொன்னதால் வந்ததா தெரியவில்லை. என் தொழிலும் அதுதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது கொலொம்பார். நான்கில் விலை குறைந்தது இதுதான். நாக்கில் வைத்ததும் மறைந்துவிடும், இளநீரின் சாது குணம். "இது வடையோடை. கதைச்சுக் கொண்டிருக்கிற ஆக்களுக்கு" என்றார். மூன்றாவது ஷார்தொனே. எனக்கு அது ஒன்றுதான் பிடித்தது. வெண்ணெய், வறுத்த தேங்காய், கொஞ்சம் புகை. வசந்தி முகத்தைச் சுளித்தார். "அது மரத்துண்டு போட்டு ஊற வைச்ச வாசம். மலிவு வைனுக்குச் செய்யிற மேக்கப். உறைப்புக் கறியோடை சண்டை பிடிக்கும். வந்த ஆக்கள் கேட்டாக் குடுப்பம்."

நான்காவது சோவினியோன். அதை வாயில் வைத்ததும் என் தோள் தானாக ஒருமுறை குலுங்கியது. எலுமிச்சை, கிள்ளிய பச்சை மிளகாய்க் காம்பு, அறுத்த புல். அசதியில் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. வசந்தி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுதான் அண்ணை என்ரை துரும்புச்சீட்டு."

மதியம் மேலே சாப்பாடு. சோறு போட்டுக்கொண்டே வசந்தி, "காணுமோ?" என்றார். என்ன காணோம் என்று புரியாமல் மூக்குக்கண்ணாடி, செல்போன் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, மேசைக்கு அடியிலும் குனிந்து தேடினேன். நிமிர்ந்தபோது தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு இருந்தது. "போதுமோ எண்டு கேட்டவ" என்று யோகன் விளக்கம் சொன்னார். எங்களுக்குக் காணவில்லை என்றால் தொலைந்தது. இவர்களுக்குக் காணாது என்றால் பற்றாது. முப்பது வருடம் தமிழை விற்றுச் சாப்பிட்டவன், தமிழ்க் கடையில் உட்கார்ந்து சோற்றுக்கு மொழிபெயர்ப்பு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ஊரிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். "பாரிசுக்குப் போய்க் குடிக்கிறீங்களாமே?"

"குடிக்கல. துப்பறேன்."

"அதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, அவர்கள் வீடு இருக்கும் செவ்ரானிலிருந்து கிளம்பிய புறநகர் ரயில் வழியில் நின்றுவிட்டது. ஏதோ அறிவிப்பு வந்தது. பெட்டியே ஒன்றாகப் பெருமூச்சு விட்டது. பக்கத்தில் நின்ற நம் ஆள் ஒருவர் செல்போனில், "இண்டைக்கும் பன். ஓம், நடு வழியிலை. பத்ரோனுக்குச் சொல்லு" என்றார். பன் என்றால் ரயில் பழுது, பத்ரோன் என்றால் முதலாளி என்று வசந்தி காதருகே சொன்னார். நாற்பது நிமிடம் நின்றுகொண்டே இருந்தோம். என் கணுக்கால் துடித்தது. எங்கள் ஊர் மின்சார ரயிலாக இருந்தால் இதற்குள் சுண்டல் வந்திருக்கும், ஒரு சண்டையும் நடந்திருக்கும். இங்கே எல்லோரும் கண்ணை மூடி நின்றபடி தூங்கினார்கள். வசந்தியும் தூங்கினார். அந்த முகத்தைப் பார்த்தபோது, அதிகாலையில் கடை துடைக்கக் கிளம்பிய வருடங்கள் எல்லாம் இந்தப் பெட்டியில் நின்றபடிதான் கழிந்திருக்கும் என்று தோன்றியது.

அன்று வெள்ளி என்பதால் ஒயினை வாயில் வைக்க மாட்டார். "இண்டைக்கு மணந்து பாக்கிறது மட்டும்" என்றார். எங்கள் பக்கம் மணந்து பார்த்தால் பிறகு வெளியே வர முடியாது என்றேன். அவருக்குச் சிரிப்பு வர ஒரு நிமிடம் ஆயிற்று. கீழறையில் நாலு கிளாசையும் மாறி மாறி மோந்தோம். மேலே மேம்பாலத்தில் மெட்ரோ போகிற நேரமெல்லாம் எங்கோ ஒரு மூடி நடுங்கியது.

சிக்கல் வார்த்தையில்தான் இருந்தது. பிரெஞ்சில் இந்த ஒயின்களை 'உலர்ந்தவை' என்கிறார்கள். அதைத் தமிழில் எழுதினால் ஒயின் கருவாடாகிவிடும். 'திடமில்லாத', 'கூர்மையான', 'தாதுத்தன்மை' என்று நான் எழுதியதையெல்லாம் வசந்தி ஒவ்வொன்றாக அடித்தார். "இனிப்பில்லாதது எண்டு எழுதுங்கோ, காணும்." நாள் முழுவதும் அப்படியே போனது. எங்கள் ஊரில் மதுக்கடைக் கம்பி வலைக்குள் கையை விட்டு, அளவை மட்டும் சொல்லி வாங்குகிறோம். அது எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. அதனால்தான் எங்களிடம் அதற்கு வார்த்தை இல்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை மாலை, அட்டையை அச்சிட நான் மட்டும் போனேன். நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் முட்டிக்கொண்டு நிற்கும் வரிசையில், செல்போன் கடை ஒன்றின் பின்னால் ஓர் அச்சு இயந்திரம். கடை ரவியுடையது. மறுநாள் வரப்போகும் ஆறு பேரில் அவரும் ஒருவர். வசந்தி ஒப்புக்கொண்ட வரிகள் என் பையில் இருந்தன. சோவினியோனுக்கு 'தேசிக்காய்ப் புளிப்பு, பச்சை மிளகாய் வாசம், இனிப்பில்லாதது' என்று இருந்தது. எலுமிச்சைதான் இவர்களுக்குத் தேசிக்காய். கணினியில் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. தோளைக் குலுக்கிய அந்த ஒயினுக்கு இவ்வளவுதானா? வெடுக்கென்று பேசுவாள், வெடுக்கென்று பிடுங்கினான் என்கிறோமே, அந்த வேகம்தான் அதில் இருந்தது. யாரையும் கேட்காமல் மாற்றினேன். 'நாக்கில் ஒரு வெடுக்கு, தொண்டையில் எலுமிச்சை.' நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு வரி எழுதிவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். ரவி வாசலில் ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், படிக்கவில்லை. முப்பது அட்டையும் பிளாஸ்டிக் உறை போட்டு வந்தன.

ஞாயிறு மதியம் ஆறு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் சின்னராசா என்ற பெரியவர். பிரெஞ்சு உணவகங்களில் நாற்பது வருடம் சமைத்து ஓய்வு பெற்றவர். லா சப்பல் என்ற இந்தத் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கடையின் குழம்பு சரியில்லை என்று அவர் சொன்னால், அடுத்த வாரம் அந்தக் கடையில் சமையல்காரர் மாறிவிடுவாராம். வசந்தி கரும்பச்சைச் சேலையில், கையில் துணி சுற்றிய பாட்டிலோடு வந்தார். ஷெனனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொலொம்பாரைப் பற்றி ஒருவர், "தண்ணிதானே" என்றார். ஷார்தொனேயைப் பாதியில் வைத்துவிட்டார்கள். யோகன் கல்லாவில் நின்று பிரிட்ஜைப் பார்த்தபடி இருந்தார்.

நாலாவது கிளாஸ் வந்ததும் ரவி அட்டையை எடுத்து உரக்கப் படித்தார். "நாக்கில் ஒரு வெடுக்கு..."

மற்றவர்களும் அட்டையைக் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் சிரிக்கத் தொடங்கி ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னராசா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வெடுக்கெண்டா எங்களுக்கு மீன் நாத்தம். மீன் வெட்டின கை, கழுவினாப் பிறகும் மணக்குமே, அதுதான்."

காது மடல் சுட்டது. வசந்தியைப் பார்க்க முடியவில்லை. அந்த அட்டையை அப்போதுதான் அவரும் முதல்முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷியின் பதினான்கு வருடத்தை ஒரே ஒரு சொல்லால் நாறடித்துவிட்டேன் என்பது தெரிந்தது. அலங்காரம் தேவையில்லை, காணும் என்று அவர் இரண்டு நாளாகச் சொன்னதை நான் கேட்கவில்லை. கல்லாவிலிருந்து யோகன், "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கினார்.

வசந்தி அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். சமையலறைக்குப் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு தட்டு நிறைய மத்தி மீன் பொரியலோடு திரும்பி வந்தார். எண்ணெய் இன்னும் அடங்கவில்லை, மேசை முழுக்க மீன் வாடை.

"ஓம், வெடுக்குத்தான்" என்றார். "மீனிலை ஒரு வாய் கடியுங்கோ. வெடுக்கு நாக்கிலை நிக்கும்போதே இதைக் குடியுங்கோ. பிறகு வெடுக்கு எங்கை எண்டு தேடுங்கோ."

"நீங்கள் குடிச்சுப் பாத்தனீங்களோ அக்கா?" என்று ரவி சீண்டினார்.

"பதினாலு வருசமாத் துப்பிப் பாத்தனான்" என்றார் வசந்தி.

யாரும் சிரிக்கவில்லை. சின்னராசா மீனைக் கடித்தார், மென்றார், கிளாசை எடுத்தார். அவர் விழுங்கும்வரை எல்லோரும் அவர் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு மீனை எடுத்தார். மறுபடி குடித்தார்.

"தேசிக்காய் பிழிஞ்ச மாதிரி" என்றார். கிளாசைத் தள்ளி வைத்தார். "அந்த வெடுக்கிலை இன்னொண்டு ஊத்து பிள்ளை."

ரவியும் கிளாசை நீட்டினார். ஒருவர் எழுந்துபோய் நண்டு இருக்கிறதா என்று கேட்டார். மூன்று மணி வாக்கில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர், என்ன ஏது என்று தெரியாமலே, "எங்களுக்கும் ஒரு வெடுக்கு" என்றார். சோவினியோன் என்ற பெயரை அதன்பிறகு அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனபோது வசந்தி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஒயினுக்கு உவமையாகப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பழத்தைச் சொல்வார்களாம். அந்தப் பழத்தின் பெயரில் அவர்களும் மீனைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்களாம். "அவையளே மீனைப் போட்டிருக்கினம். நீங்கள் போட்டா என்ன?" எனக்காகத்தான் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்ததும் யோகன் பிரிட்ஜைத் திறந்து நின்றார். வெகுநேரம் நின்றார். கண்ணுக்கு நேரான தட்டில் பியர் வரிசையாக இருந்தது. ஒரு பாட்டிலை எடுத்தார், திரும்ப அங்கேயே வைத்தார். பிறகு குனிந்து, கடைசித் தட்டிலிருந்த சோடாப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார்.

"கீழ்த்தட்டை எடு. மூண்டு மாசம் பாப்பம்" என்றார் மனைவியிடம்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கடையின் கீழ்த்தட்டிலிருந்து இன்னொரு கடையின் கீழ்த்தட்டுக்கு. அதே முழங்கால் உயரம். வசந்தி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். தட்டைத் துடைத்தார். நான் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொடுக்க, பெயர் வெளியே தெரியும்படி திருப்பித் திருப்பி வைத்தார். வெடுக்கு முன்வரிசையில் நின்றது.

"இவ்வளவு கீழே வைத்தால் யார் கண்ணிலாவது படுமா?" என்று கேட்டேன்.

"காணும்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

போதும் என்றாரா, கண்ணுக்குத் தெரியும் என்றாரா என்று எனக்கு விளங்கவில்லை. இந்த முறை மொழிபெயர்ப்பு கேட்காமல், வலிக்கிற காலோடு நானும் பக்கத்தில் குனிந்து அடுத்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.